தனுஷ்கோடிப் புகைவண்டி நிலையம்

இராமேசுவரத் தீவின் தென்கிழக்குக் கோடியில், ஒருபுறம் மன்னார் வளைகுடாவும் மறுபுறம் பாக் விரிகுடாவும் அலைவீச, நடுவே ஒடுங்கிக் கிடக்கும் மணல்நிலத்தின்மீது கூரையிழந்த சில சுவர்கள் நிற்கின்றன. அருகே, நீராவி எஞ்சின்களுக்கு நீர் ஊட்டிய தொட்டியின் சிதைவையும் காணலாம். தனுஷ்கோடிப் புகைவண்டி நிலையத்தின் எச்சங்கள் இவை.

1914-ஆம் ஆண்டுக்கு முன்னர், சென்னையிலிருந்து கொழும்புக்குச் செல்வோர் தூத்துக்குடிவரை வண்டியில் சென்று, அங்கிருந்து நெடுந்தொலைவு கடலில் செல்ல வேண்டியிருந்தது. அவ்வாண்டில் பாம்பன் பாலம் திறக்கப்பட்டது. இருப்புப்பாதை கடலைத் தாண்டித் தீவினுள் புகுந்து, தனுஷ்கோடிக் கப்பல்துறைவரை நீண்டது. அங்கிருந்து தலைமன்னார் ஏறத்தாழ 35 கிலோமீட்டரே. எழும்பூரில் வாங்கிய ஒரே பயணச்சீட்டைக் கொண்டு, இடையில் நீராவிக் கப்பலேறி, கொழும்புக் கோட்டை நிலையத்தில் சென்று இறங்கலாம். 'போட் மெயில்' என்ற பெயர் அவ்வண்டிக்குப் பொருத்தமானதே. அந்நாளில் தனுஷ்கோடிக்குச் சென்றதே தலைமைப் பாதை. புகழ்மிக்க இராமேசுவரமோ பாம்பனிலிருந்து பிரியும் கிளைப்பாதையில் இருந்தது! கோயிலினும் கப்பலுக்கே இருப்புப்பாதை முதலிடம் தந்தது போலும்.

எழும்பூரின் குவிமாடங்களை நோக்கிவிட்டுப் புறப்பட்டவர்க்கு இந்நிலையத்தில் வியப்பதற்கு ஒன்றும் இருந்திராது. ஒப்பனையற்ற தடித்த சுவர்கள், அகன்ற வாயில்கள், அவ்வளவே. வண்டியிலிருந்து இறங்குவோரைக் கப்பலுக்கு விரைந்து அனுப்புவது அதன் தொழில். அத்தொழிலுக்கேற்ற எளிமையும் ஓர் அழகுதான். அதனைச் சூழ்ந்து சுங்க அலுவலகம், அஞ்சல் நிலையம், பள்ளி, மாதா கோயில் எனச் சிற்றூர் ஒன்று வளர்ந்தது.

அவ்வழியே சென்றோர் அனைவரும் உல்லாசப் பயணிகள் அல்லர். இலங்கையின் தேயிலைத் தோட்டங்களுக்குப் பிழைப்புத் தேடிச் சென்ற ஏழைகள் பல்லாயிரவர். மண்டபம் முகாமில் அவர்களைத் தங்கவைத்து, நோய் உண்டா என ஆராய்ந்த பின்னரே கடல் கடக்க விட்டனர். திரும்பி வருவோம் என்ற எண்ணத்துடனேயே அவர்களுட் பலர் கப்பலேறியிருப்பர்.

1964-ஆம் ஆண்டு டிசம்பர் 22-ஆம் நாள், பெரும்புயல் ஒன்று வவுனியாப் பகுதியைக் கடந்து தனுஷ்கோடியை நோக்கிப் பாய்ந்தது. அன்றிரவு பாம்பனிலிருந்து ஒரு வண்டி புறப்பட்டது. தனுஷ்கோடியை நெருங்குகையில் கைகாட்டி இறங்கவில்லை. செய்தி அறிய வழியும் இல்லை. சிறிது நேரம் காத்திருந்த ஓட்டுநர், ஊதலை ஒலித்துவிட்டு வண்டியை மெல்லச் செலுத்தினார். எழுந்து வந்த பேரலை வண்டி முழுவதையும் விழுங்கிற்று. நூற்றுக்கு மேற்பட்ட பயணிகளுள் ஒருவரும் பிழைக்கவில்லை. நிலையமும் ஊரும் அவ்விரவிலேயே அழிந்தன.

சிதைந்த பாம்பன் பாலத்தை, பொறியாளர் இ. ஸ்ரீதரன் தலைமையில் உழைத்தோர் 46 நாட்களில் சீரமைத்தனர். ஆயினும் தனுஷ்கோடிப் பாதை மீண்டும் அமைக்கப்படவில்லை. கிளைப்பாதையாய் இருந்த இராமேசுவரமே முடிவிடம் ஆயிற்று.

அப்புயலுக்கு இரண்டு திங்களுக்குள்ளாக, அக்டோபர் 30-ஆம் நாளன்று, தோட்டத் தொழிலாளர் பல இலட்சவரை இந்தியாவுக்கு அனுப்புவதற்கான சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தாகியிருந்தது. பின்னர்த் தலைமன்னாரிலிருந்து கப்பலேறி வந்தவர்கள் இராமேசுவரத்தில் இறங்கினர். அவர்களுடைய பாட்டனும் பாட்டியும் கப்பலேறிய துறை, அதற்குள் மணல்மேடாகிவிட்டிருந்தது.