கடவுச்சொல் கேட்காத டி.எஃப்.டி.பி.

வேறொரு கணினியில் உள்ள கோப்பை வலைப்பின்னல் வழியாக எடுக்க 1971-லேயே எஃப்.டி.பி. என்ற நெறிமுறை வந்துவிட்டது. எழுதியவர் அபய் பூஷண். கான்பூர் ஐ.ஐ.டி.யின் முதல் அணி மாணவர், அப்போது அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் இருந்தார். பயனர் பெயர், கடவுச்சொல், கோப்புப் பட்டியல் என்று எஃப்.டி.பி.யில் எல்லாமே உண்டு.

ஆனால் ஹார்ட் டிஸ்க்கே இல்லாத கணினி என்ன செய்யும்? ஸ்விட்ச் போட்டதும் அதற்குத் தெரிந்ததெல்லாம் ஒரு சின்ன ரோம் சிப்பில் எழுதியிருப்பது மட்டும்தான். ஆபரேட்டிங் சிஸ்டத்தையே வெளியே கேட்டு வாங்கியாக வேண்டும். எஃப்.டி.பி.யின் சடங்குகளுக்கெல்லாம் அந்தச் சிப்பில் இடம் ஏது? இந்த இடத்தில் கைகொடுத்ததுதான் டி.எஃப்.டி.பி. இதன் முதல் வடிவத்தை உருவாக்கியவர் எம்.ஐ.டி.யின் நோயல் சியாப்பா. 1981-ல் கேரன் சாலின்ஸ் இதை முறையான ஆவணமாக எழுதினார்.

இதில் மொத்தம் ஐந்தே வகைச் செய்திகள். படிக்க வேண்டும், எழுத வேண்டும், இதோ சரக்கு, கிடைத்தது, தவறு. அவ்வளவுதான்! செர்வர் கோப்பை 512 பைட் துண்டுகளாக வெட்டி ஒவ்வொன்றாக அனுப்பும். ஒவ்வொரு துண்டுக்கும் ரசீது வந்தால்தான் அடுத்தது நகரும். 512-க்குக் குறைவான துண்டு வந்தால் கோப்பு முடிந்தது என்று அர்த்தம். கோப்பின் அளவு சரியாக 512-ன் மடங்காக இருந்தால்? கடைசியில் ஒரு காலித் துண்டை அனுப்பிவிடும்.

ரசீது முறையில் ஒரு வேடிக்கையான ஓட்டை இருந்தது. ரசீது வரத் தாமதமானால் செர்வர் அதே துண்டை மறுபடி அனுப்பும். அதற்கும் ஒரு ரசீது வரும். பழைய ரசீதும் பின்னாலேயே வந்து சேர, இரண்டுக்கும் தனித்தனியாக அடுத்த துண்டு போகும். அதன்பிறகு கோப்பு முடியும்வரை எல்லாமே இரண்டிரண்டு! கணக்குப் பிள்ளையாக இருந்தால் ஒரே பில்லுக்கு இரண்டு ரசீதா என்று நிறுத்தியிருப்பார். இரண்டாவது ரசீதைக் கண்டுகொள்ளாதே என்று திருத்தி, 1992-ல் புதிய ஆவணம் வந்தது.

வேகமும் சுமார்தான். ஒரு எம்.பி. என்றால் 2048 துண்டுகள். ரசீது திரும்ப 200 மில்லி செகண்ட் ஆகும் தூரத்தில் இதற்கு ஏழு நிமிடம் பிடிக்கும். ஒரே கட்டடத்துக்குள் ஒரு மில்லி செகண்ட் என்றால் இரண்டு வினாடி போதும்.

வேகத்தைவிடப் பெரிய சிக்கல், இது யார் எவர் என்று கேட்பதே இல்லை என்பது. கோப்பின் பெயர் தெரிந்தால் போதும். ஆகஸ்ட் 2003-ல் பரவிய பிளாஸ்டர் புழு, விண்டோஸின் வேறொரு ஓட்டை வழியாக உள்ளே நுழைந்தது. நுழைந்த பிறகு தன் முழு உருவத்தையும் இழுத்துக்கொள்ள அது பயன்படுத்தியது, விண்டோஸோடு இலவசமாக வந்த டி.எஃப்.டி.பி. நிரலைத்தான். வீட்டுக்காரரின் ஏணியையே எடுத்துப் போட்டு ஏறிய திருடன்! விஸ்டாவிலிருந்து அந்த நிரலை வேண்டும் என்பவர்கள் மட்டும் இயக்கிக்கொள்ளும்படி மாற்றிவிட்டார்கள்.

கடவுச்சொல் ஒன்றைச் சேர்த்திருக்கலாமே என்று தோன்றும். ஆனால் வெறும் கணினி அதை எங்கே வைத்துக்கொள்ளும்? அதனால் காவலைச் சுற்றிலும்தான் போட வேண்டியிருக்கிறது. 69-ம் எண் போர்ட்டை வெளி இணையத்துக்கு மூடிவிடுவார்கள். செர்வரில் ஒரே ஒரு ஃபோல்டரை மட்டும், படிக்க மட்டும் என்று திறந்து வைப்பார்கள். இப்போதும் பல அலுவலகங்களில் புது ஐ.பி. போன் ஒன்றைச் செருகினால், அது முதலில் தன் அமைப்புக் கோப்பைக் கேட்பது இந்தப் பழைய ஐந்து செய்திகளில்தான்.