நாய் வேஷமும் நாற்காலியும்

உத்தியோகத்துக்குப் போகிற பிள்ளைகளுக்கு இப்போது புதிதாக ஓர் உபதேசம் நடக்கிறது. 'ஆபீஸில் நீ நீயாக இரு' என்கிறார்கள். பெரிய கம்பெனிகளில் இதற்கென்று வகுப்பே வைத்துச் சொல்லிக் கொடுக்கிறார்களாம். முகமூடி வேண்டாம், மனசில் இருப்பதைப் பேசு, உன் சுபாவத்தை வீட்டில் கழற்றி வைத்துவிட்டு வராதே என்று. கேட்க இனிமையாகத்தான் இருக்கிறது. ஆனால் முதல் நாளே மானேஜரிடம் மனசில் இருப்பதையெல்லாம் பேசிவிட்டு, இரண்டாம் நாளும் அதே நாற்காலியில் உட்கார்ந்தவர் யாராவது உண்டா?

நம் பெரியவர்களின் உபதேசம் வேறு. நாய் வேஷம் போட்டால் குரைத்துத்தான் ஆக வேண்டும் என்றார்கள். சம்பளம் என்று ஒன்றை வாங்கினால் அதற்கு உரிய குரலையும் கொடுக்க வேண்டியதுதான். இதில் கேவலம் ஒன்றும் இல்லை. டாக்டர் தம் வீட்டுக் கவலையை நோயாளியின் முன் அவிழ்த்துக் கொட்டினால் நாம் சகிப்போமா? வகுப்பில் நுழையும் வாத்தியார், பஸ் கண்டக்டர், கோயில் குருக்கள் எல்லோருமே கொஞ்சம் வேஷம் கட்டியவர்கள்தாம். அதனால்தான் அவர்களுடைய தலைவலியும் கோபமும் நம் தலையில் விடிவதில்லை.

ஆனால் வேஷத்துக்கும் ஒரு விலை உண்டு. அமெரிக்க சமூகவியல் பேராசிரியை ஆர்லி ஹோக்ஷீல்ட், 1983-இல் வெளியிட்ட புத்தகம் ஒன்றில் அந்த விலையைக் கணக்குப் பார்த்தார். அவர் எடுத்துக்கொண்டது விமானப் பணிப்பெண்களின் வாழ்க்கையை. பிரயாணி எரிந்து விழுந்தாலும் சிரிக்க வேண்டும். அது உதட்டுச் சிரிப்பாக இல்லாமல் உள்ளத்திலிருந்து வர வேண்டும் என்று அவர்களுக்குப் பயிற்சி. மூட்டை தூக்குகிறவனுக்கு முதுகு தேய்கிறது. சிரிப்பை விற்கிறவளுக்கோ, எது தன் சிரிப்பு, எது கம்பெனியின் சிரிப்பு என்ற எல்லையே தேய்ந்துவிடுகிறது. இதற்கு 'உணர்ச்சி உழைப்பு' என்று பெயர் வைத்தார் அவர்.

விமானம் வரை போவானேன்? நம் ஊர் ஜவுளிக்கடையில் புடவைகளைப் பிரித்துப் போடுகிற பெண்ணைப் பாருங்கள். நாற்பது புடவை பார்த்துவிட்டு, ஒன்றும் எடுக்காமல் எழுந்திருக்கிறோம். "பரவாயில்லைம்மா, அப்புறம் வாங்க" என்று சிரிக்கிறாள். நாம் பார்த்தது உட்கார்ந்தபடி. அவள் காட்டியது நின்றபடி. எங்கள் தெருவிலிருந்து அப்படி வேலைக்குப் போன ஒரு பெண், இரவு வீடு திரும்பியதும் முதல் காரியமாக வெந்நீரில் காலை வைத்துக்கொண்டு உட்காருவாள். கம்பெனி வகுப்புகளைப் பற்றி அவளிடம் ஒரு நாள் சொன்னேன்.

"நான் நானா இருக்கறதுக்கு முதல்ல என்னை உட்கார விடணுமே, அண்ணா" என்றாள்.

அதற்கே சட்டம் வேண்டியிருந்தது. 2018-இல் கேரளத்திலும், 2021-இல் தமிழ்நாட்டிலும் கடைகளுக்கான சட்டத்தைத் திருத்தி, வேலை செய்கிறவர்கள் உட்கார இருக்கை தர வேண்டும் என்று விதித்தார்கள். சட்டம் வந்துவிட்டது. நாற்காலி வந்திருக்கிறதா என்பதை, அடுத்த முறை புடவை எடுக்கப் போகும்போது நீங்களே பார்த்துக்கொள்ளலாம்.

ஆகவே, இந்த உபதேசம் யாருக்குச் சொல்லப்படுகிறது என்று கவனிக்க வேண்டும். இந்த வேலை போனால் இன்னொன்று என்று இருக்கிறவனுக்கு அது சுதந்திரம். மாதக் கடைசியில் அரிசிக்குக் கணக்குப் பார்க்கிறவளுக்கு அது இன்னொரு வேலை. காலைத் தந்தாள், சிரிப்பைத் தந்தாள். இப்போது மனசையும் கொண்டுவந்து வை என்றால் எப்படி? அதையாவது வீட்டில் பத்திரமாக வைத்துவிட்டு வர அவளுக்கு உரிமை இல்லையா?

அப்படியானால் உத்தியோகத்தில் சொந்த முகம் என்பதே கிடையாதா? உண்டு என்பதை ஒரு மனிதரிடம் பார்த்தேன். கதை எழுத வருமுன் சில வருஷங்கள் ஓர் ஆபீஸில் குமாஸ்தாவாக இருந்தேன். அங்கே ஒரு சூப்பரிண்டெண்ட். மானேஜர் வெயிலை மழை என்றால் இவர் குடையைத் தேடுவார். ஆபீஸில் அவருக்குத் 'தஞ்சாவூர் பொம்மை' என்று பெயர். ஒரு நாள், கணவனை இழந்த ஓர் அம்மாளின் பாக்கித் தொகை பற்றிய கடிதத்துக்குப் பதில் தயாராயிற்று. 'தங்கள் விஷயம் பரிசீலனையில் இருக்கிறது' என்று. உண்மையில் ஃபைலே காணாமல் போயிருந்தது. கடிதத்தை அவர் மானேஜரின் மேஜைமேல் திருப்பி வைத்தார்.

"இதில நான் கையெழுத்துப் போட மாட்டேன், ஸார். பரிசீலனையில இல்லை, தொலைஞ்சு போயிருக்கு."

"ஆபீஸ் மானம் என்ன ஆகிறது, ஐயா?"

"அந்த அம்மா நாலு மாசமா பஸ் ஏறி வர்றாங்க, ஸார். தொலைஞ்சுதுன்னு சொன்னா, மறுபடி மனு எழுதிக் கொடுப்பாங்க. இருக்குன்னு சொன்னா, காத்துக்கிட்டே இருப்பாங்க."

குரல் உயரவில்லை. மறுநாள் வழக்கம்போல் மானேஜரின் ஹாஸ்யத்துக்குச் சிரித்தார். அந்த அம்மாளுக்குப் புது மனுவின்பேரில் பணம் கிடைத்தது. அடுத்த பிரமோஷன் பட்டியலில் அவர் பெயர் இல்லை.

பழமொழி குரைப்பதோடு நின்றுவிடுகிறது. கடிக்கச் சொன்னால் என்ன செய்வது என்று அது சொல்லவில்லை. குரைப்பு வேஷத்தைச் சேர்ந்தது, பல் நம்முடையது. அந்த இடத்தில் 'மாட்டேன்' என்று சொல்லத் தெரிந்தவர், மற்ற நேரமெல்லாம் எத்தனை தலையாட்டினாலும் தம்மைத் தொலைத்துவிடவில்லை. அப்படிச் சொன்னவருக்கு மறுநாளும் நாற்காலி இருக்குமா என்பதைத்தான் கம்பெனிகள் முதலில் வகுப்பு வைத்துப் படிக்க வேண்டும்.