வீடு தேடும் குருளை

கல்லூரி மலரில் நாயைப் பற்றியா எழுதுவது என்று அன்பர்கள் நகைக்கக்கூடும். நகைக்கட்டும்.

சென்ற மார்கழியில் ஒருநாள், அடைமழை சற்றே ஓய்ந்த மாலைவேளை, உட்துறைமுக வீதி வழியே துவிச்சக்கரவண்டியில் வீடு திரும்பிக்கொண்டிருந்தேன். மதகினடியில் நனைந்த சாக்கொன்று அசைந்தது. அவிழ்த்தேன். உள்ளே குட்டிகள் மூன்று. இரண்டு விறைத்துக் கிடந்தன, ஒன்றில் உயிர் இருந்தது.

"வளர்க்க ஆள் கிடைக்கும் வரைதான்" என்று மனையாளுக்கு வாக்களித்தேன்.

நாயின் இளமைப்பெயர் குருளை, பெண்மைப்பெயர் பிணவு எனத் தொல்காப்பிய மரபியலை ஆண்டுதோறும் படிப்பிப்பவன் நான். எம்மூரார் வழங்குவனவோ கடுவன், பெட்டை என்னும் இரண்டே. பார்க்க வந்த நால்வரும் முதலில் வினவியது அதனையே. பெட்டை என்றதும் ஒருவர் குடையைக் கையிலெடுத்துக்கொண்டார். அவரை நோவதற்கில்லை. ஆண்டுக்கு இருமுறை ஈனக்கூடிய பிராணியின் குட்டிகளை எங்கே விடுவது? சாக்கும் மதகும் அவ்வாறே வருகின்றன. தெருநாய்களைக் கொல்லும் வழக்கத்தை 2006 ஆம் ஆண்டில் இலங்கை அரசு கைவிட்டது. கருத்தடையும் விசர்நோய்த் தடுப்பூசியுமே மாற்றுவழிகளாயின.

எனவே, மூன்று மாதத்தில் தடுப்பூசி ஏற்றுவித்தேன். போன மாதம் கருத்தடைச் சத்திரசிகிச்சையும் முடிந்தது. நிலாவெளியிலுள்ள பழைய மாணவர் ஒருவர், பெட்டையாயினும் தமக்கு வேண்டுமென எழுதியுள்ளார். நல்லவர், வளவும் பெரிது.

பெயரிட்டால் பிரிய மனம் வாராதென்று மனையாள் அதற்குப் பெயர் வைக்கவில்லை. நேற்று அடுக்களையில் அவள் குரல் கேட்டது: "பிள்ளை, சோறு ஆறுது, வா."

மாணவருக்கு மறுமொழி இன்னும் எழுதவில்லை.