அறியா வினா

‘பொது அறிவு’ என்னும் பெயரோடு விற்பனையாகும் சிறு புத்தகங்களை அறியாத மாணவர் நம் நாட்டில் இரார். மெல்லிய தாள், நெருக்கமான அச்சு, பளபளக்கும் அட்டை. உள்ளே ஆயிரம் வினாக்கள், ஆயிரம் விடைகள். இலங்கையின் மிக நீளமான நதி எது? மகாவலி, 335 கிலோமீற்றர். மிக உயர்ந்த மலை எது? பிதுருதலாகலை, 2524 மீற்றர். சந்திரனில் முதன்முதல் கால் பதித்தவர் யார்? நீல் ஆம்ஸ்ட்ரோங், 1969. உலகின் முதற் பெண் பிரதமர் யார்? சிறிமாவோ பண்டாரநாயக்க, 1960. நதியும் மலையும் சந்திரனும் பிரதமரும், ஒருவரோடொருவர் பேசாத பஸ் பிரயாணிகளைப்போல், ஒரே பக்கத்தில் அடுத்தடுத்து அமர்ந்திருப்பர்.

இப்புத்தகங்களை எள்ளி நகையாடுவது படித்தவர்க்கு எளிது. எனக்கு அதில் விருப்பமில்லை. கந்தளாயில் தமிழ்மொழி மூலம் பயிலும் பிள்ளைகளுக்குத் தமிழ் கற்பிப்பவன் நான். அவர்களிற் பெரும்பாலோர் வயலை நம்பி வாழும் வீட்டுப் பிள்ளைகள். பாடநூல்களைத் தவிர அவ்வீடுகளில் இருக்கும் ஒரே அச்சுப் புத்தகம் பல வேளைகளில் இந்தப் பொது அறிவுத் தொகுதியே. அண்ணன் வாங்கியது தங்கையிடம் வருகிறது. தங்கையிடமிருந்து அயல் வீட்டுக்குப் போகிறது. அட்டை கிழிந்த பின்பும் அதற்கு மதிப்புக் குறைவதில்லை.

சில ஆண்டுகளுக்கு முன் என்னிடம் பயின்ற பெண்ணொருத்தி அத்தகைய புத்தகமொன்றை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம்வரை மனனம் செய்திருந்தாள். அரசாங்க அலுவலக உத்தியோகத்துக்கான போட்டிப் பரீட்சைக்கு இருமுறை தோற்றினாள். இருமுறையும் சில புள்ளிகளால் வாய்ப்பு நழுவியது. தாய் பிறர் வயலில் நாற்று நடுகிறவள். அந்தப் பெண்ணுக்கு ஆம்ஸ்ட்ரோங்கின் பெயர், சேற்றிலிருந்து கரையேறுவதற்குப் பற்றிக்கொள்ளும் கயிறு. கயிற்றைப் பற்றியிருப்பவளைப் பார்த்துச் சிரிக்கலாகாது. ஆனால் அந்தக் கயிற்றை எறிபவர் யார், எத்தனை பேருக்கு எறிகிறார் என்று நாம் கேட்கத்தான் வேண்டும்.

1945இல் இலவசக் கல்வி வந்தபோது இந்நாட்டுக் கிராமத்துப் பிள்ளைக்குக் கதவொன்று திறந்தது. கல்வி மந்திரியாயிருந்த கன்னங்கராவின் பெயரை நன்றியோடு நினையாத ஆசிரியர் இல்லை. ஆனால் கதவுக்கு அப்பால் போட்டிருந்த நாற்காலிகள் சிலவே. சேர விரும்புவோர் பலராயும் இடங்கள் சிலவாயும் இருக்குமிடத்தில் சல்லடை தேவைப்படுகிறது. ஐந்தாம் தரப் புலமைப்பரிசில் தொடக்கம் உத்தியோகப் பரீட்சைகள்வரை அந்தச் சல்லடை அசைந்துகொண்டே இருக்கிறது. ஒற்றைச் சொல்லில் விடை தரும் வினா அதற்கு மிக வசதியானது. திருத்துவது எளிது, சரி, பிழை இரண்டே முடிவு, பாரபட்சமின்மை போன்ற தோற்றமும் உண்டு. பட்டணத்துப் பிள்ளைக்குப் பத்திரிகையும் நூலகமும் தனிவகுப்பும் வாய்த்திருக்க, நாற்று நடுபவளின் மகளுக்கு அந்த ஒரு புத்தகமே வாய்த்திருந்தது என்பது வினாத்தாளில் எங்கும் எழுதப்படுவதில்லை.

நன்னூல் செய்த பவணந்தி முனிவர் வினாவை ஆறு வகையாக வகுத்தார். அவற்றில் முதல் மூன்றைக் கவனியுங்கள். தான் அறிந்த ஒன்றைப் பிறன் அறிவானோ என்று சோதிக்கக் கேட்பது அறிவு வினா. அறியாததை அறிந்துகொள்ளக் கேட்பது அறியா வினா. இதுவோ அதுவோ எனத் துணிய மாட்டாமற் கேட்பது ஐய வினா. பள்ளிக்கூடமொன்றில் ஒரு நாளில் எழும் வினாக்களை எண்ணிப் பாருங்கள். ஏறத்தாழ எல்லாமே முதல் வகை. எல்லாமே ஆசிரியர் வாயிலிருந்து பிறப்பவை. அறிவு வினாவைக் கேட்பவர் எப்போதும் மேலிடத்தில் இருப்பவர்: பரீட்சகர், மேலதிகாரி, நேர்முகப் பரீட்சை மேசைக்குப் பின்னால் அமர்ந்திருப்பவர். கீழே நிற்பவனுக்கு விடை சொல்லும் கடமை மட்டும் உண்டு. பவணந்தியார் எண்வகை விடைகளுள் ஒன்றாக வினாவுக்கு எதிர்வினாக் கேட்பதையும் ஒப்புக்கொண்டார். நம் பரீட்சைத் தாளில் அதற்கு இடமில்லை.

தமிழில் அச்சு நூல் தோன்றிய காலத்திலேயே வினாவிடை நூலும் தோன்றிவிட்டது. 1579இல் கொச்சியில் அச்சான ‘கிரிசித்தியானி வணக்கம்’ ஆசானும் மாணாக்கனும் வினாவி விடைகூறும் முறையில் அமைந்தது. 19ஆம் நூற்றாண்டில் மிசனரிமாரின் கல்விமுறையை உள்ளிருந்தே கண்ட ஆறுமுக நாவலர் அதே வடிவத்தில் ‘சைவ வினாவிடை’ செய்தார். சமயம் மாறியபோதும் வடிவம் மாறவில்லை. அங்கே விடைதான் முதலில் உறுதியாகிறது. வினா அதற்கு வாயிலாகப் பின்னர் வைக்கப்படுகிறது. சமய நெறியைப் புகட்ட அது பொருந்தலாம். உலகைக் கற்பிக்கவும் அதே வடிவத்தைக் கொண்டால் உலகமே முடிந்துபோன ஒன்றாகத் தோற்றமளிக்கும்.

எங்கள் ஊர்க் குளத்தையே எடுத்துக்கொள்வோம். கந்தளாய்க் குளத்தைக் கட்டியவர் யார்? சூளவம்சத்தைச் சான்றாகக் கொள்வோர், ஏழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆண்ட இரண்டாம் அக்கபோதி என்பர். கோணேசர் கல்வெட்டு முதலிய தமிழ் நூல்களின் மரபு குளக்கோட்டன் என்னும். ஒரே சந்தியில் பஸ் ஏறும் சிங்களப் பிள்ளையும் தமிழ் பேசும் பிள்ளையும் இரு வேறு விடைகளைச் சுமந்து செல்லலாம். ஒருவனுக்குச் சரியானது மற்றவனுக்குப் பிழையாகலாம். 1983 முதல் 2009 வரை யுத்தத்தைக் கண்ட மாவட்டத்தில் இது சிறு விஷயமன்று. ஆனால் ஒன்றைக் கவனித்தீர்களா? இரு விடைகளும் அரசர் பெயரையே சொல்லுகின்றன. மண்வெட்டியவரும், கூடை சுமந்தவரும், அலை அரியாதபடி அணையின் உட்புறத்திற் கல் அடுக்கியவரும் இரண்டு விடைகளிலும் இல்லை. மன்னனுக்குச் செய்யவேண்டியிருந்த கட்டாய ஊழியமாகிய இராஜகாரியம் இந்நாட்டில் 1832இலேதான் ஒழிக்கப்பட்டது. அக்கபோதியா, குளக்கோட்டனா என்று வாதிடும் இருவரின் பாட்டன்மாரும் பெரும்பாலும் கூடை சுமந்த கூட்டத்தினரே.

1986 ஏப்ரல் 20ஆம் நாள் அந்த அணை உடைந்தது. 120க்கும் மேற்பட்டோர் மாண்டனர். ‘அணை உடைந்த ஆண்டு எது?’ என்பது வினாத்தாளுக்கு ஏற்ற வினா. ‘அணையின் நிலையைக் கவனிக்கும் பொறுப்பு யாருடையது? அதன் கீழே உறங்கும் மக்களுக்கு அதைக் கேட்கும் உரிமை உண்டா?’ என்பவை உயிர் சம்பந்தமான வினாக்கள். அவை எந்தத் தொகுதியிலும் அச்சாவதில்லை.

இந்த வழக்கம் எங்கள் குளத்தோடு நிற்பதுமில்லை. உலகின் மிக உயர்ந்த சிகரம் எவரெஸ்ட் என்று எல்லாப் பிள்ளைகளும் கூறுவர். அளவைக் கணக்குகளைப் போட்டு அதன் உயரத்தைக் கண்டவர் வங்காளத்துக் கணிதர் ராதாநாத் சிக்தார், ஆண்டு 1852. முன்னாள் அளவைத் தலைமை அதிகாரி ஜோர்ஜ் எவரெஸ்டின் பெயர் அதற்குச் சூட்டப்பட்டது 1865இல். முதற் பெண் பிரதமரின் பெயரை நம் பிள்ளைகள் உறக்கத்திலும் சொல்வர். அவர் 1964 ஒக்டோபரில் இந்தியப் பிரதமர் லால் பகதூர் சாஸ்திரியோடு செய்த ஒப்பந்தத்தின்படி மலையகத் தமிழருள் 525,000 பேர் இந்தியாவுக்கு அனுப்பப்படவும், 300,000 பேர் இலங்கைக் குடியுரிமை பெறவும் முடிவாயிற்று. மேலும் 150,000 பேரின் கதி பின்னர் பார்க்கலாமென விடப்பட்டது. தேயிலைக் கொழுந்து பறித்த அந்த மக்களிடம் எவரும் வினாக் கேட்கவில்லை. அவர்கள் விடையாகக்கூட வரவில்லை.

விடைகள் பழுதாவதுமுண்டு. 2006இல் வானியலறிஞர் புளூட்டோவைக் கோள்களின் வரிசையிலிருந்து நீக்கினர். கந்தளாயில் சீனித் தொழிற்சாலை இயங்குகிறது என்பதும் ஒரு காலத்தில் சரியான விடையாக இருந்தது; அத்தொழிற்சாலை 1990களில் மூடப்பட்டது. புளூட்டோ நீங்கியதால் எவர் வீட்டு அடுப்பும் அணையவில்லை. ஆலை மூடப்பட்டபோது இங்கே பல அடுப்புகள் அணைந்தன. புத்தகத்தைத் திருத்துகிறவருக்கோ இரண்டும் ஒரு வரியை அடிக்கும் வேலைதான்.

இன்று கைத்தொலைபேசி எந்த நதியின் நீளத்தையும் நொடியிற் சொல்லிவிடுகிறது. மனனம் செய்து சேர்த்த செல்வத்தின் மதிப்பு இறங்கிவிட்டது; சல்லடை மட்டும் பழையதே. ஆகவே ஆசிரியர் செய்யக்கூடியது என்ன? பரீட்சைக்குப் பிள்ளைகளை ஆயத்தம் செய்யாமல் விடுவது அவர்களுக்குச் செய்யும் துரோகம். நான் அறிவு வினாக்களையும் பயிற்றுவிக்கிறேன். அத்தோடு வாரத்தில் ஒரு பாடவேளையை அறியா வினாவுக்கு ஒதுக்கியுள்ளேன். வகுப்பில் ஓர் ஏடு உண்டு. அதில் எவரும் எழுதலாம். விதி ஒன்றுதான்: விடை தெரிந்துகொண்டே கேட்கக்கூடாது.

முதற் சில வாரங்கள் ஏடு வெறுமையாகக் கிடந்தது. கேட்டுப் பழகாத பிள்ளைகள்! பிறகு ஒரு சிறுவன் எழுந்தான். “சேர், மழையே பெய்யாத நாளிலயும் குளத்துல தண்ணி ஏறுதே, எங்கயிருந்து வருது?” இரண்டு வாரம் தேசப்படத்தோடு மல்லாடினோம். எலகரையில் மறிக்கப்படும் அம்பன் கங்கையின் நீர் நீண்ட கால்வாய் வழியே மின்னேரியைத் தொட்டுக் கந்தளாய்வரை வருவதைப் பிள்ளைகள் விரலால் தொடர்ந்து கண்டனர். அடுத்து ஒரு மாணவி, இவ்வளவு நீரும் வாய்க்காலுக்குள் பாயும்போது அணை ஏன் பிய்ந்து போவதில்லை என்று கேட்டாள். பண்டைக் குளங்களின் மதகருகே கல்லாற் கட்டிய சதுரக் கிணறு உண்டு. சிங்களத்தில் அதன் பெயர் பிசோகொட்டுவ. நீரின் வேகத்தை அடக்கி, அளவோடு வெளியே விடுவது அது. நீர்ப்பாசன வேலையில் முதுமையடைந்த சிங்களப் பெரியவரொருவர் அதை எங்களுக்கு விளக்கினார். குளத்தைக் கட்டிய அரசன் யார் என்ற பேச்சு அன்று எழவேயில்லை.

பொதுக் கிணறு என்றால் எல்லாரும் நீர் அள்ளலாம். பொது வழி என்றால் எல்லாரும் நடக்கலாம். பொது அறிவுக்கும் பொருள் அதுவாகத்தான் இருக்கவேண்டும். சிலர் வினவ, மற்றவர் அஞ்சி விடையிறுக்கும் நிலை மாறி, எல்லாரும் வினவும் உரிமை பெறும்போதே அந்தப் பெயர் அதற்குப் பொருந்தும்.

ஏட்டில் அண்மையில் எழுதப்பட்ட வினா இது: “நெல்லுக்கு விலை வைக்கிறது யார்?” எழுதியவன், இருமுறை பரீட்சைக்குத் தோற்றிய அந்தப் பெண்ணின் தம்பி. ஆயிரம் வினாக்கள் கொண்ட எந்தப் புத்தகத்திலும் நான் இதைக் கண்டதில்லை. பிள்ளைகள் வீடுவீடாகச் சென்று, விதைநெல்லுக்கும் பசளைக்கும் கொடுத்ததையும், களத்தில் நெல்லுக்குப் பெற்றதையும், கடையில் அரிசிக்குக் கொடுப்பதையும் குறித்து வருகின்றனர். பக்கம் இன்னும் நிரம்பவில்லை. சில வீடுகளில் தந்தைமாரும் பேனாவை வாங்கித் தாமே எழுதத் தொடங்கியிருக்கின்றனர்.