துப்பறியும் பையன்

தேனியில் பஸ் ஏறும்போது வாங்கிய மர்ம நாவலைக் கம்பம் வருமுன் முடித்துவிட்டேன். இந்தப் பள்ளத்தாக்கிலேயே நடக்கும் கதை. பதினாறு வயதுப் பையன் கொலையாளியைக் கண்டுபிடிக்கிறான். இன்ஸ்பெக்டரே அவனைப் பிணத்தண்டை அழைத்துப்போய் யோசனை கேட்கிறார்! தமிழ்வாணனின் சங்கர்லாலுக்குப் போலீஸார் வழிவிட்டால் நம்பலாம். அவர் பேர்போன துப்பறிவாளர். பள்ளிப் பையனை, "வீட்டுக்குப் போடா" என்று விரட்டமாட்டார்களா?

ஆசிரியர் கவனியாத பலம் ஒன்று அவனுக்கு உண்டு: ஊரை அறிவான். 1895இல் பெரியாறு அணை எழுந்த பிறகு முல்லையாற்றில் தண்ணீர் மழையைப் பார்த்து மட்டும் வருவதில்லை. மதகைப் பார்த்தும் வருகிறது. "ராத்திரி வெள்ளம் பிணத்தை அடித்துவந்தது" என்று ஒருவன் சாட்சி சொன்னால், "அன்று தண்ணீரே திறக்கவில்லையே!" என்று கூடலூர்ப் பையன் கேட்பான். அந்த ஒரு கேள்வியில் நமக்கு நம்பிக்கையும் பிறக்கிறது, நெஞ்சும் படபடக்கிறது. பொய் சொன்னவன் காதிலும் அது விழுந்திருக்குமே!