ராத்திரி 2 மணிக்கு டியூப் போடுவது யார்?

ஹவுஸ் சர்ஜன்சி முடிய இன்னும் நாலு மாசம். நீட் பிஜியில் ரேங்க் வந்தால் எமர்ஜென்சி மெடிசின்தான். எங்கே சேர்வது? எம்.டி.யா, டி.என்.பி.யா? இரண்டுமே 3 வருஷம். 2009-இல்தான் இந்திய மருத்துவக் கவுன்சில் எமர்ஜென்சி மெடிசினைத் தனித் துறையாக ஏற்றது. அதனாலோ என்னவோ, வீட்டில் இன்னும் "கேஷுவாலிட்டி டாக்டருக்கு எதுக்குப்பா பிஜி?" என்கிறார்கள்.

ஸ்டைபண்ட், ஹாஸ்டல், பாண்ட் என்று நோட்டில் கட்டம் போட்டு வைத்திருந்தேன். சீனியர் அக்கா பார்த்துவிட்டுச் சிரித்தார். "ராத்திரி 2 மணிக்கு மூச்சுத் திணறி வர்றவருக்கு டியூப் போடறது யாருன்னு கேளுடா. அனஸ்தீசியாவைக் கூப்பிட்டுட்டு நீ கையக் கட்டி நின்னா, 3 வருஷமும் கேஸ் ஷீட்தான் எழுதுவ."

அப்போதிருந்து போகிற இடமெல்லாம் இதையேதான் கேட்கிறேன். நான் பார்த்தவரை, அரசு ஆஸ்பத்திரியில் பூச்சிமருந்து குடித்தவர், பாம்புக்கடி, பைக் விபத்து எல்லாம் ஒரே ராத்திரியில் வரும். கை பழகும், உட்கார்ந்து சொல்லிக்கொடுக்கத்தான் யாருக்கும் நேரமிருக்காது. கார்ப்பரேட்டில் அல்ட்ராசவுண்ட் மிஷின் கைக்கெட்டும் தூரத்தில் நிற்கும், ஆனால் நெஞ்சுவலிக்காரரை நாம் சரியாகப் பார்ப்பதற்குள் கார்டியாலஜி வந்து அழைத்துப் போய்விடும்.

எனக்கு அரசுதான். அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை.