லாவெண்டர்ச் சட்டி

பினாங்கு ஜார்ஜ் டவுனில், நம் இல்லத்துப் பின்கட்டிலே லாவெண்டர் வளர்க்கத் துணிந்தபோது அயலார் நகைத்தனர். நகைத்ததில் நியாயமுண்டு. மத்தியதரைக் கடலோரத்து வறண்ட பாறைச் சரிவுகளுக்கு உரிய செடி அது. இங்கோ ஆண்டு முழுதும் வெக்கையும் மழையுமே. முதலிரு நாற்றுகள் வேரழுகி மாண்டன. பின்னர், வெக்கையைச் சற்றே பொறுக்கும், இலையோரம் பற்களாய் வெட்டுண்ட வகையொன்றைத் தெரிந்து, மணலும் சரளையும் மிகுதியாய்க் கலந்த சட்டியில், மழைபடாமல் இறவாரத்தின்கீழ் வைத்தோம். சுமார் 1,500 மீட்டர் உயரத்துக் கேமரன் மலையில் பூப்பதுபோல் அது பூக்கவில்லை. ஆயினும் இலை மணந்தது.

ஏன் இத்தனை பாடு என்பீர்கள். நம் அன்னையார் கைம்பெண். முற்றத்து மல்லிகைக்கு முப்பதாண்டுகளாய் நீர் வார்த்தவர், ஒரு மொட்டும் சூடியதில்லை. 1833-இல் எழுந்த குயின் தெரு மாரியம்மன் கோயிலுக்குப் போகும் வழியில், பூக்கடைகளைக் கண்டால் முகந்திருப்பிக் கொள்வார். நாம் வாதாடியதெல்லாம் வீணாயிற்று. லாவெண்டருக்கோ நம் சாத்திரக்காரர் விதி எழுதவில்லை. அவர்கள் அறியாத செடியாயிற்றே!

ஒருநாள் மாலை அன்னையார் ஓர் இலையைக் கசக்கி முகர்ந்தார். மற்றொன்றைக் கிள்ளி, சுற்றுமுற்றும் பார்த்து, கொண்டையில் செருகிக்கொண்டார். கதவருகே நின்ற நாம் ஓசைப்படாமல் திரும்பிவிட்டோம்.